சீட்டு: லுணுகலையிலிருந்து ஒரு குட்டி வரலாறு

எங்க கூட்டத்துல ஒருத்தன் போன வருசம் வந்து, "டேய், எனக்கு ஒழுங்கா போக்கர் சொல்லிக் குடுங்கடா"ன்னு கேட்டான். எங்க யாருக்கும் போக்கர் தெரியாது. அவன் போன்ல ஏற்கனவே ரெண்டு மாசமா ஆடிக்கிட்டிருந்தான், தோத்துக்கிட்டும் இருந்தான். அந்தப் போன் கொரோனா காலத்துல தங்கச்சியோட ஒன்லைன் வகுப்புக்காக அம்மாவோட தோட்டை அடகு வச்சு வாங்கினது. தனக்கு ஆடத் தெரியாததாலதான் காசு போகுதுன்னு அவன் நம்பினான். சரி, எல்லாரும் சேர்ந்து படிப்போம்னு உட்கார்ந்தோம். காசுக்குப் பதிலா ஆளுக்கு நூறு புளியங்கொட்டை.

ஆடிக்கிட்டே சீட்டோட கதையையும் கொஞ்சம் தேடினோம். நம்ம ஊர்ல சிங்களப் பொடியன்களோட ஓமி ஆடும்போது இஸ்கோப்ப, கலாபர, ருவித, ஹாரதன்னு சொல்றோமே, அது நாலும் ஒல்லாந்துச் சொல்லு: ஸ்கோப்பன், கிளாவர், ருய்தன், ஹார்ட்டன். ஒல்லாந்தர் 1796ல கரையோரத்தை வெள்ளைக்காரன்கிட்ட விட்டுட்டுப் போனாங்க. ஊவா மலைக்கு அவங்க ஆட்சி வரவே இல்ல, ஆனா அவங்க சீட்டு ஏறி வந்துருச்சு.

தமிழ்ல 'சீட்டு' என்கிற சொல்லுக்கு எத்தனை வேலை பாருங்க. ஆடுறதும் சீட்டு. லயத்துல அம்மாமார் மாசாமாசம் சேர்த்துப் போடுறதும் சீட்டு. டவுன்ல விக்கிறது லொத்தர் சீட்டு. இன்னொரு சீட்டும் இருந்துச்சு, அதுக்கு நம்ம ஆளுங்க வச்ச பேரு 'துண்டு'. கங்காணிகிட்ட முன்பணம் வாங்கித்தான் நம்ம பூட்டன்மார் இந்தியாவுல இருந்து வந்தாங்க. வந்து சேரும்போதே கடன். இந்த ஆள்களோட கடன் இவ்வளவு, அதைக் கட்டினா விட்டுர்றேன்னு துரை எழுதிக் குடுக்கிற தாள்தான் துண்டு. இன்னொரு தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆள்களை எடுத்துக்கும். கடன் மட்டும் ஆளோடவே போகும். 1921ல சட்டம் போட்டு அதை நிறுத்தினாங்க.

"தோட்டத்து ஆளுங்க சூதாடிச் சூதாடியே கெட்டாங்க"ன்னு பேசுறவங்களைப் பார்த்தா எங்களுக்குக் கோவம் வரும். இந்த மலையில முதல்ல சூதாடினது துரைமார். 1840கள்ல கோப்பிக் காய்ச்சல் வந்தப்போ ஆளுநர்ல இருந்து சிவில் அதிகாரிகள், பட்டாளத்துக்காரங்க வரைக்கும் காடு வாங்கினாங்க. 1847ல விலை விழுந்து பலர் நொடிஞ்சாங்க. திரும்ப எழும்பினாங்க, திரும்பவும் பந்தயம் கட்டினாங்க. 1869ல கோப்பி இலையில மஞ்சள் துரு நோய். இலங்கையில அதை முதல்ல கண்டது எங்க தெரியுமா? நம்ம பக்கத்து மலை, மடூல்சீமை. பதினஞ்சு வருசத்துக்குள்ள கோப்பி போச்சு. 1884 மே மாசம் ஓரியண்டல் வங்கியும் மூடிருச்சு. அந்த ஆட்டத்துல துரை வச்சது முதல். கூலி வராம நின்ன ஆளு வச்சது வயிறு. நுவரெலியா குதிரைப் பந்தயத் திடலும் அந்தக் காலத்தோடதுதான், 1875.

பிறகு வந்ததை எல்லாருக்கும் தெரியும். 1889ல சூதாட்டக் கட்டளைச் சட்டம். அதுல ரோட்டோரமா காசு வச்சு ஆடுறதும் குத்தம், சேவல் சண்டையும் குத்தம். குதிரைப் பந்தயத்துக்கு 1930ல தனிச் சட்டம், அதனால புக்கிக் கடை திறந்தே இருந்துச்சு. குதிரை ஓடினது இங்கிலாந்துல, காசு போனது நம்ம சம்பளத்துல. 1963ல தேசிய லொத்தர் சபை, 1983ல அபிவிருத்தி லொத்தர் சபை. லயத்துக்குப் பின்னால மூணு சீட்டு ஆடினவனைப் பொலிஸ் புடிக்கும், பஸ் ஸ்டாண்ட்ல சீட்டு விக்கிறது அரசாங்கம்.

இப்போ போக்கர். ஆட்டம் லேசு. கையில ரெண்டு சீட்டு, நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு. மொத்தம் ஏழுல நல்ல அஞ்சு. நாலு தடவை பந்தயம். ஆனா உள்ள இருக்கிறது கணக்கு. கையில ரெண்டு ஏஸ் வர்றது 221 தடவைக்கு ஒரு தடவை. ஒரு உதாரணம்: ஒரே இனத்துல நாலு சீட்டு சேர்ந்துருச்சு, அஞ்சாவது வேணும். நடுவுல மூணு விழுந்துருக்கு. தெரியாத சீட்டு 47, உங்களுக்கு வேண்டியது அதுல 9. அடுத்த சீட்டுல வர வாய்ப்பு 19 வீதம். நடுவுல 30 கொட்டை கிடக்கு, எதிராளி 10 வைக்கிறான். நீங்க 10 வச்சாத்தான் தொடரலாம், அப்போ மொத்தம் 50. உங்க பங்கு 20 வீதம். 19க்கு 20. மயிரிழையில நட்டம். நம்ம நண்பன் இந்த இடத்துல ரெண்டு மாசமா "வரும்டா"ன்னு போட்டுக்கிட்டிருந்திருக்கான்.

அப்ப இது திறமையா, அதிர்ஷ்டமா? இந்திய உச்ச நீதிமன்றம் 1967ல ரம்மியைத் திறமை ஆட்டம்னுச்சு, மூணு சீட்டை வெறும் அதிர்ஷ்டம்னுச்சு. தமிழ்நாட்டு அரசு 2022ல போட்ட சட்டம் ஒன்லைன் ரம்மியையும் போக்கரையும் தடை செஞ்சது. 2023 நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் அந்த ரெண்டையும் அதிர்ஷ்டப் பட்டியல்ல வச்சது செல்லாதுன்னு சொல்லிருச்சு. 2025 ஆகஸ்ட்ல டெல்லிப் பாராளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, காசு வச்சா ஒன்லைன்ல கூடாதுன்னு முடிச்சுருச்சு. அதே மாசம் நம்ம பாராளுமன்றம் வேற பக்கம் போச்சு. 1889 சட்டத்தை எடுத்துட்டு, ஒன்லைனையும் சேர்த்து ஒழுங்குபடுத்த ஒரு அதிகாரசபை வரணும்னு சட்டம் நிறைவேத்துச்சு.

எங்களுக்கு அந்த வாதமே பாதிதான்னு தோணுது. திறமை இருந்தாலும் மேசைக்கு ஒரு வாடகை இருக்கு. ஒன்லைன்ல ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தளம் ஒரு பங்கு எடுக்கும், பெரும்பாலும் அஞ்சு வீதம் அளவுல, ஒரு உச்சவரம்போட. நாங்க ஒரு ஞாயித்துக்கிழமை பால்மா டின் ஒன்னை நடுவுல வச்சு, ஒவ்வொரு தடவையும் இருபதுக்கு ஒரு கொட்டையை அதுல போட்டோம். நாலு பேர், 400 கொட்டை, அறுபது ஆட்டம். கடைசியில டின்ல 120. மிச்சம் 280ஐ நாலு பேரு வச்சிருந்தோம், ஒருத்தருக்குக் கூட 120 இல்ல. ஆடத் தெரியாதது அந்த டின் ஒன்னுக்குத்தான். கையால குலுக்கிப் போட்டா மணிக்கு முப்பது ஆட்டம் வரும். போன்ல அதுக்கு ரெண்டு மடங்கு.

2003ல அமெரிக்காவுல மணிமேக்கர் என்கிற கணக்காளர், நூறு டாலருக்கும் குறைஞ்ச ஒன்லைன் போட்டியில நுழைஞ்சு, உலகப் போட்டியில 25 லட்சம் டாலர் ஜெயிச்சார். அந்தப் பேரு நெசமாவே அவரோட பேருதான். அவர் கதையைப் பார்த்துத்தான் உலகமே போக்கருக்கு ஓடுச்சு. அந்தப் போட்டியில மொத்தம் 839 பேர். மத்த 838 பேரைப் பத்தி விளம்பரம் வரல.

டின்னைக் கொட்டி எண்ணினது நண்பன்தான். ரெண்டு தடவை எண்ணினான். "அடுத்த ஞாயிறு நான் டின்னா இருக்கேன்டா"ன்னான். சிரிச்சோம். அப்புறம் அவன் போன்ல இருந்த கணக்கைக் காட்டினான்: போட்டது பதினெட்டாயிரத்துச் சொச்சம். 2024 வர்த்தமானிப்படி நாள் சம்பளம் 1,350ஆ இருந்துச்சு. கொழுந்து மலையில பதிமூணு நாளுக்கு மேல. தங்கச்சிக்கு இந்த வருசம் ஓ லெவல், போன் இப்போ அவகிட்ட இருக்கு. தோடு இன்னும் அடகுலதான், வட்டி மாசக் கடைசியில கட்டணும்.