நாடாவில் கோத்த பாட்டுகள்

பாடியவருக்குப் பெயர் உண்டு. எழுதியவருக்குப் பெயர் உண்டு. மெட்டுப் போட்டவருக்குச் சுவரொட்டியிலேயே பெயர் உண்டு. பத்துப் பாட்டைப் பொறுக்கி, இதற்குப் பின் இது என்று வரிசை கட்டி, கேட்கிறவனை எழுந்து ஆடவும் வைத்தவனுக்கு மட்டும் நம் பக்கத்தில் பெயர் கிடையாது. மேல்நாட்டில் அப்படியல்ல. அங்கே தொகுப்பாளன் ஒரு பிரமுகன். சில வேளை ஒரு சங்கீதத்துக்கே அவன் நாமகரணம் செய்துவிடுகிறான்.

மோட்டார் வண்டிகளுக்குப் பேர்போன அமெரிக்க நகரம் டெட்ராய்ட். 1980-களில் அங்கே கறுப்பின இளைஞர்கள் சிலர் மின்சார வாத்தியங்களையும் தாள இயந்திரங்களையும் வைத்துக்கொண்டு ஆட்டத்துக்கான இசை ஒன்றைச் செய்துவந்தார்கள். நீல் ரஷ்டன் என்ற ஆங்கிலேயர் 1988-இல் அவற்றைத் திரட்டி இங்கிலாந்தில் ஒரு தொகுப்பாக வெளியிட்டார். பக்கத்துச் சிகாகோ நகரத்து இசைக்கு அப்போது ‘ஹவுஸ்’ என்று நல்ல பெயர் இருந்தது. அதையே இதற்கும் ஒட்டிவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினார்கள். ஆனால் ஹுவான் அட்கின்ஸ் என்ற இளைஞர் கொடுத்த பாட்டின் தலைப்பில் ‘டெக்னோ’ என்ற சொல் இருந்தது. தொகுப்பின் அட்டையிலும் அதுவே ஏறியது. இன்றைக்கு உலகம் முழுவதும் அந்த இசைக்கு அதுதான் பெயர். பிள்ளை பெற்றது டெட்ராய்ட். பிறப்புச் சான்றிதழ் எழுதியது இங்கிலாந்து!

இப்படிப்பட்ட தொகுப்புகளைச் சேர்ப்பதே வாழ்க்கை என்றிருக்கும் ஆசாமிகள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். தபால்தலை சேர்ப்பவருக்கும் இவர்களுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்: தபால்தலை வாய் திறந்து பேசாது. இவர்களில் சற்று முற்றியவர்கள், பிறர் தொகுத்ததில் திருப்தி இல்லாமல், பழைய தட்டுகளைத் தேடித் தாமே கடல் கடந்து புறப்பட்டுவிடுகிறார்கள். எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் அவர்களில் ஒருவர். 2002-இல் டில்லியில் பழைய இசைத்தட்டுகளைக் கிளறியபோது அவர் கைக்கு ஒரு தட்டு அகப்பட்டது. பம்பாய் சினிமா வாத்தியக் குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982-இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில், மூன்று ஜப்பானிய மின்வாத்தியங்களின் துணையோடு வாசித்துப் பதிவு செய்த தட்டு அது. வந்த காலத்தில் அதைச் சீந்துவாரில்லை. பௌமன் 2010-இல் மறுபடி வெளியிட்டதும் ஐரோப்பா மூக்கில் விரலை வைத்தது. சிகாகோவில் 1987-இல் பிறந்ததாக எல்லோரும் நம்பிய ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற ஆட்ட இசையின் சாயல் ஐந்து வருஷம் முந்திய பம்பாய்த் தட்டில் கேட்டதே காரணம். 2015-இல் காலமான அந்த மனிதர், தம் எழுபதுகளில் ஐரோப்பிய மேடைகளுக்குப் போய் வாசித்தார்.

இந்த மோகம் தேனி ஜில்லாவையும் விட்டுவைக்கவில்லை. ‘ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ்’ என்ற ஆங்கிலேய நிறுவனம் இளையராஜாவின் சினிமாப் பாட்டுகளைத் தொகுத்து ‘சொல்லச் சொல்ல’ என்று ஒரு வெளியீடு கொண்டுவந்தது. 1977 முதல் 1983 வரையுள்ள கோடம்பாக்கத்து மின்னணு இசை என்று அதற்கு விளக்கமும் கொடுத்தது. அன்னக்கிளியின் ராஜாவா, மண்வாசனை ராஜாவா, மின்னணு இசையா என்று நம்மவர்களில் பலர் புருவத்தை உயர்த்தக்கூடும்.

உயர்த்த வேண்டியதில்லை. கம்பம் பள்ளத்தாக்கு தமிழ் சினிமாவுக்குக் கொடுத்தது வயலும் வரப்பும்தான் என்பது நாமாகக் கட்டிக்கொண்ட கதை. உத்தமபாளையம் பக்கத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவும், தேனி அல்லிநகரத்துப் பாரதிராஜாவும் 1977-இல் ‘பதினாறு வயதினிலே’ செய்தார்கள். அது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. மறு வருஷமே அதே இருவர் ‘சிகப்பு ரோஜாக்கள்’ என்று நகரத்து மாளிகையில் நடக்கும் கொலைக் கதையையும், 1981-இல் ‘டிக் டிக் டிக்’ என்று அழகிகளும் வைரமும் மிதக்கும் படத்தையும் எடுத்தார்கள். அண்ணன் பாவலர் வரதராஜனின் ஆர்மோனியத்தோடு கட்சி மேடை மேடையாகப் போன பையன், சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றுத் தேறியவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் ஆச்சரியம் அடங்கிவிடும். 1982-இல் வந்த ‘சகலகலா வல்லவ’னின் புத்தாண்டுப் பாட்டு இல்லாமல் இன்றைக்கும் தமிழ்நாட்டில் டிசம்பர் 31 விடிவதில்லை. 1986-இல் ‘விக்ரம்’, ‘புன்னகை மன்னன்’ இரண்டும் வந்தபோது கம்ப்யூட்டர் இசை என்ற வார்த்தை டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது.

ஆக, ஆங்கிலேயர்கள் இல்லாததைச் சொல்லவில்லை. ஆனால் பள்ளத்தாக்கில் இந்தப் பாட்டுகளை முதலில் தொகுத்தவர்கள் அவர்களும் அல்லர்.

முதல் தொகுப்பாளர் மைக்செட்காரர். கல்யாண வீட்டு வேப்பமரத்தில் குழாயைக் கட்டி, தட்டுப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தாரானால் அன்றைக்கு அந்தத் தெருவுக்கு அவர்தான் ராஜா. சீர்காழியின் விநாயகர் பாட்டில் தொடங்குவார். பெண் அழைப்புக்கு ஒரு பாட்டு, பந்திக்கு ஒரு பாட்டு, மாமன் சீருக்கு ஒரு பாட்டு. இருட்டிய பிறகு இளவட்டங்கள் வந்து காதைக் கடித்தால் ஆட்டப் பாட்டு. வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவில் எட்டுத் திசையிலிருந்தும் எட்டுக் குழாய் முழங்கும்போது, எந்தப் பாட்டைப் போட்டால் கூட்டம் தம் பக்கம் திரும்பும் என்பது அவருக்கு அத்துப்படி. நியூயார்க்கு நடனக்கூடத்தில் தட்டுச் சுழற்றியவர் செய்ததும் இதே வேலைதான். அவருக்கு வேப்பமரம் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்தவர் ரெக்கார்டிங் சென்டர்காரர். ஃபிலிப்ஸ் கம்பெனி 1963-இல் கண்டுபிடித்த கேசட் நாடா, 1980-களில் நம் ஊர்களுக்குள் வெள்ளமாகப் புகுந்தது. போடியிலும் சின்னமனூரிலும் கம்பத்திலும், தமிழ்நாட்டின் எல்லாச் சிற்றூர்க் கடைவீதிகளிலும் போலவே, ஓர் ஆள் அகலக் கடைகள் முளைத்தன. நோட்டுத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் காலிக் கேசட்டோடு கொடுத்துவிட்டால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிஷ நாடாவுக்குப் பன்னிரண்டு பாட்டு, தொண்ணூறுக்குப் பதினெட்டு என்பது பொதுவான கணக்கு. சட்டம் இதை ஒப்பவில்லை. 1984-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டியும் பார்த்தார்கள். கடைக்காரர்கள் அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டு, அடுத்த கேசட்டைச் செருகினார்கள்.

பட்டியல் எழுதத் தெரியாதவர்கள்தான் கடைக்காரருக்குப் பிரியமான வாடிக்கையாளர்கள். “அண்ணே, நீங்களே பாத்துப் போட்டுக் குடுங்க” என்று சொல்லிவிட்டால் போதும், மனுஷர் தம் வித்தை முழுவதையும் இறக்கிவிடுவார். குமுளி மலை ஏறும் ஜீப்புக்கு ஒரு விதம். ஏலக்காய்த் தோட்டத்தில் மாதக்கணக்காகத் தங்கப் போகிறவனுக்கு ஒரு விதம். காதலில் அடிபட்டவனுக்குத் தனி விதம். ஆங்கிலேயர் வாத்தியத்தைப் பார்த்துப் பிரித்தார். இவர் கேட்கப் போகிறவனைப் பார்த்துப் பிரித்தார். மின்னணு இசை என்று ஒரு வகை இருப்பதே இவருக்குத் தெரியாது, தேவையும் இல்லை. யேசுதாஸின் சோகத்துக்கும் ஜானகியின் தாலாட்டுக்கும் நடுவே ‘விக்ரம்’ பாட்டை வைப்பதற்கு இவருக்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் எந்த அட்டையிலும் அச்சாகவில்லை.

எனக்கு ஆங்கிலேயர் மேல் வருத்தமில்லை. பழைய தட்டை மதித்துக் காப்பாற்றியதற்கு நன்றிதான் சொல்ல வேண்டும். ஆனால் அவர் தொகுப்பு நூலகத்தில் இருக்கும். ஆராய்ச்சிக்காரர் நாளை அதைத்தான் புரட்டுவார். அந்த இசையை எந்த வண்டியில், எந்தப் பந்தலில், எதற்குப் பின் எதைக் கேட்டு இந்த ஜனங்கள் ஆடினார்கள் என்பது கேசட்டுகளோடு போய்விட்டது. குறுந்தகடு வந்ததும் கேசட்டுகள் பரணுக்கு ஏறின. இரண்டு மழைக்காலத்தில் நாடாவில் வெள்ளைப் பூஞ்சை பூத்தது. மிச்சத்தைப் பழைய இரும்புக்காரர்கூட எடுக்கவில்லை. வயற்காட்டில் குருவி விரட்டக் கட்டினார்கள். காற்றில் அது பளபளத்துப் படபடக்கும்.

அந்தத் தொழிலின் நுணுக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அரை மணி நேரப் பக்கத்தில் ஆறு பாட்டு அடங்கிய பிறகு சில சமயம் ஒன்றரை நிமிஷம் மிஞ்சும். அசட்டையான கடைக்காரர் ஏழாவது பாட்டைத் தொடங்கிப் பாதியில் அறுந்துபோக விட்டுவிடுவார். ரசிகரானவருக்கு அது பொறுக்காது. படத்தின் பெயர் ஓடும்போது வருகிற வெறும் வாத்திய இசை, பாட்டில்லாத ஓர் ஆட்டத் துண்டு, இப்படி ஏதாவதொன்றைத் தேடி அந்த இடைவெளியில் அளவாகப் பொருத்துவார். பட்டியலில் அதை எழுதமாட்டார். அதற்குக் காசும் வாங்கமாட்டார்.