தலைப்பாகை கட்டிய சாரணர்கள்

குற்றாலம் சீசன். பேரருவிப் பக்கம் சாரணர் சீருடையில் கூட்டத்தை ஒழுங்குபடுத்த நின்றேன். வயசு பதினான்கு. பெரியவர்களே, "தம்பி, எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டார்கள். மறுநாள் சாதாரண சட்டையில் போனேன், ஒருத்தரும் கண்டுக்கலை.

அந்தச் சீருடை நமக்குச் சும்மா கிடைக்கவில்லை. ஆரம்பத்தில் இங்கே சாரணர் படை வெள்ளைக்கார, ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்குத்தான். முதல் உலகப்போர்க் காலத்தில் அன்னி பெசன்ட், அருண்டேலுடன் சேர்ந்து சென்னையில் இந்தியப் பையன்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கினார். தலையில் தொப்பி இல்லை, தலைப்பாகை. தெருவில் பார்க்கிறவர்களுக்கு அது துரை வீட்டுப் படையல்ல, நம்ம பிள்ளைகள். பெசன்ட் அதைக் கணக்குப் போட்டுத்தான் செய்திருப்பார் என்று நினைக்கிறேன்.

1921இல் பேடன் பவல் இந்தியா வந்தார். பெசன்ட் சங்கம் அவர் இயக்கத்தோடு இணைந்தது.

என் தலைக்கு வந்ததோ நீல பெரே தொப்பி. சாரலில் ஊறி, நெற்றியெல்லாம் சாயம்.