ஸ்போர்ட்ஸ் காரின் மாற்று வீலுக்கு டயர் அகலம்

ஸ்போர்ட்ஸ் காரில் தொழிற்சாலை பொருத்திய வீலைக் கழற்றிவிட்டு, வெளியே வாங்கிய அலாய் வீலை மாட்டுபவர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு டயரின் அகலம். ரிம்மின் அகலம், ஆஃப்செட், ஃபெண்டருக்குள் கிடைக்கும் இடம், டயரின் மொத்த விட்டம், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான பிடிப்புச் சமநிலை ஆகிய எல்லாம் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. அகலம் கூடினால் பிடிப்பும் அதே அளவு கூடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அது பாதிதான் சரி. இக்கட்டுரை 2012இல் விற்பனைக்கு வந்த டொயோட்டா 86 காரை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. சுபாரு பிஆர்இசட் என்ற பெயரில் விற்றதும் அடிப்படையில் இதே கார்தான். வீல் மாற்றுபவர்கள் உலகெங்கும் அதிகம் அளந்து பார்த்த கார்களில் இதுவும் ஒன்று.

எடுத்துக்காட்டுக் கார்

86இன் எடை சுமார் 1,240 கிலோ. 2 லிட்டர் பாக்ஸர் இன்ஜின், பின்சக்கர இயக்கம். 17 அங்குல விட்டமும் 7 அங்குல அகலமும் கொண்ட வீலில் 215/45 ஆர்17 டயர் வந்தது. ஆஃப்செட் 48 மி.மீ. 100 மி.மீ. வட்டத்தில் ஐந்து நட்டுகள், நடுத்துளை 56.1 மி.மீ. 17 அங்குல வீலோடு பல நாடுகளில் வந்த டயர் மிஷ்லின் பிரைமசி எச்பி. டொயோட்டாவின் பிரியஸ் காரிலும் இடம்பெற்ற, ஓசையும் எரிபொருள் செலவும் குறைவான சாலை டயர் அது. ஸ்போர்ட்ஸ் காருக்கு ஏன் இந்த டயர் என்று பலர் கேட்டார்கள். அதிவேகத்துக்குப் போகாமலே காரின் எல்லையை ஓட்டுநர் தொட்டு உணர வேண்டும் என்பதே தலைமைப் பொறியாளர் தெட்சுயா தாதாவின் நோக்கம். ஆக, இந்தக் காரில் பிடிப்பு குறைவாக இருப்பது தெரிந்தே எடுத்த முடிவு. வீல் மாற்றுபவர் முதலில் கலைப்பது இந்த முடிவைத்தான்.

பக்கச்சுவரில் உள்ள எண்கள்

215/45 ஆர்17 87 டபிள்யூ என்பதில் 215 என்பது டயரின் குறுக்குவெட்டு அகலம், மில்லிமீட்டரில். ஒரு பக்கச்சுவரின் உப்பலிலிருந்து மறு பக்கச்சுவரின் உப்பல் வரை உள்ள தூரம் அது. சாலையைத் தொடும் பட்டையின் அகலம் இதைவிடக் குறைவு, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதும் உண்டு. 45 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 45 சதவீதம் என்பதைக் குறிக்கும். 17 என்பது ரிம்மின் விட்டம். 87 என்ற குறியீட்டுக்கு ஒரு டயர் 545 கிலோ தாங்கும் என்று பொருள். டபிள்யூ என்றால் மணிக்கு 270 கி.மீ. வேகம் வரை அனுமதி.

கடையில் 245 என்று எழுதிய இரண்டு டயர்களை அருகருகே நிறுத்தினால், சாலையைத் தொடும் பட்டையில் ஒன்று மற்றதைவிட ஒரு விரல் அளவு அகலமாக இருக்கலாம். பந்தயப் பாதைக்கென்றே வார்த்த டயர்களின் தோள் சதுரமாக இருக்கும், சாலை டயர்களின் தோள் உருண்டிருக்கும். நல்ல தயாரிப்பாளர்கள் இரண்டு அகலங்களையும் தங்கள் அட்டவணையில் தனித்தனியே தருகிறார்கள். பக்கச்சுவர் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது அரைகுறை வேலை.

ரிம்மும் டயரும்

ரிம்மின் அகலம் என்பது டயரின் விளிம்புகள் உட்காரும் இரு இடங்களுக்கு இடையே உள்ள தூரம். வீலை வெளிப்புறமாக அளந்தால் அதைவிட ஏறத்தாழ ஓர் அங்குலம் கூடுதலாக வரும். பழைய வீல் வாங்குபவர்கள் பலர் தவறாக அளப்பது இங்கேதான். ஒவ்வொரு டயர் அளவுக்கும் எந்த அகலத்திலிருந்து எந்த அகலம் வரையான ரிம் பொருந்தும் என்பதை ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் ஆகிய இடங்களின் தர அமைப்புகள் வரையறுத்துள்ளன. 215/45 ஆர்17க்கு 7 முதல் 8 அங்குலம். 225/45 ஆர்17க்கு 7 முதல் 8.5. 245/40 ஆர்17க்கு 8 முதல் 9.5. 255/40 ஆர்17க்கு 8.5 முதல் 10.

இந்த எல்லைக்குள் ரிம் அரை அங்குலம் அகன்றால் டயரின் குறுக்குவெட்டு ஏறக்குறைய 5 மி.மீ. விரியும். 225 டயரின் அகலத்தை அளக்கும் நியம ரிம் 7.5 அங்குலம். 8 அங்குல ரிம்மில் அதே டயர் 230 மி.மீ. பக்கம் வரும், 7இல் 220 பக்கம் சுருங்கும்.

எல்லையின் மேல்பாதியில் அமையும் ரிம்மே ஸ்போர்ட்ஸ் காருக்கு நல்லது. பக்கச்சுவர் நிமிர்ந்து நிற்பதால் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் டயர் உடனே பதில் சொல்லும், வளைவில் பட்டை சாய்ந்து தோளில் தேய்வது குறையும். 7 அங்குல ரிம்மில் 245 டயரைத் திணித்தால் பக்கச்சுவர்கள் வெளியே பிதுங்கி, வளைவில் அசைந்து, கார் தாமதமாகத் திரும்பும். அந்த ரிம்முக்கு அளவாகப் பொருந்திய 215 டயரே அதைவிடத் துல்லியமாகத் திரும்பும். பணம் கொடுத்து வாங்கிய அகலம் அங்கே பயன் தருவதில்லை.

நேர்மாறான பழக்கமும் உண்டு. ஜப்பானில் தொடங்கிப் பரவிய ஒரு பாணியில், அகல ரிம்மின் மேல் ஒடுங்கிய டயரை இழுத்து மாட்டுவார்கள். பக்கச்சுவர் சரிந்து ரிம் விளிம்பு வெளியே தெரியும். பார்வைக்கு எடுப்பாக இருக்கலாம். ஆனால் குழியில் இறங்கும்போது ரிம்மைக் காக்க ரப்பர் இல்லை, காற்று குறைந்த நேரத்தில் டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும் ஆபத்தும் உண்டு. வேகமாக ஓட்டப்போகும் காரில் இதைச் செய்யவே கூடாது.

அமெரிக்கப் பந்தயப் பாதைகளில் முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 கார்களுக்கு 15 அங்குல விட்டமும் 9 அங்குல அகலமும் உள்ள வீலில் 225/45 ஆர்15 டயரை மாட்டுவது பெருவழக்கு. அந்த டயரின் அனுமதி 8.5 அங்குலத்தோடு முடிகிறது. பக்கச்சுவரை இறுக்கிப் பிடிக்கவே இப்படிச் செய்கிறார்கள். பயிற்சியுள்ளவர்கள் பாதையில் செய்வதை அன்றாடச் சாலைக்கு முன்மாதிரியாகக் கொள்வது சரியல்ல.

ஆஃப்செட்: இடம் எங்கே கிடைக்கிறது

வீலின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் ஒட்டும் முகம் வரை உள்ள தூரம் ஆஃப்செட். அது கூடினால் வீல் உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும். 86இன் முன்புறம் ஸ்ட்ரட் சஸ்பென்ஷன். உள்ளே ஸ்ட்ரட்டும் ஸ்பிரிங் தட்டும், வெளியே ஃபெண்டர் விளிம்பும் டயருக்கு இரு எல்லைகள்.

கணக்கு இப்படிப் போகும். தொழிற்சாலை டயர் 215 மி.மீ. என்றால் நடுக்கோட்டுக்கு இருபுறமும் 107.5. அதற்குப் பதிலாக 17×8 வீல், ஆஃப்செட் 45, அதில் 225 டயர் என்று வைப்போம். அந்த ரிம்மில் டயர் சுமார் 230 மி.மீ., பக்கத்துக்கு 115. ஒவ்வொரு பக்கமும் 7.5 மி.மீ. கூடுகிறது. ஆஃப்செட் 3 மி.மீ. குறைந்ததால் உள்ளே 4.5 மி.மீ.யும் வெளியே 10.5 மி.மீ.யும் நகரும். இது தொல்லையில்லாத அளவு. 17×9 வீல், ஆஃப்செட் 42, 245 டயர் என்றால் டயர் 250 மி.மீ. பக்கம் வரும். உள்ளே 11.5, வெளியே 23.5 கூடுகிறது. அப்போது முன்சக்கரத்துக்கு நெகட்டிவ் கேம்பர், அதாவது சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாயும் கோணம், கூட்ட வேண்டியிருக்கும், தாழ்த்திய காரில் ஃபெண்டர் உதட்டை மடிக்கவும் நேரலாம். ஸ்ட்ரட்டைத் தொடுகிறதே என்று ஹப்புக்கும் வீலுக்கும் இடையே மெல்லிய ஸ்பேசர் வைத்தால், உள்ளே கிடைக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரையும் வெளியே இழக்கிறோம்.

வெளிச்சந்தை வீல்களின் நடுத்துளை பல கார்களுக்குப் பொருந்தும்படி பெரிதாக இருக்கும், 73.1 மி.மீ. அடிக்கடி காண்பது. 56.1 மி.மீ. ஹப்புக்கு இடைவளையம் போட்டு நடுவைச் சரிசெய்யாவிட்டால், எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் ஸ்டியரிங்கில் அதிர்வு போகாமல் தொடரலாம்.

அகலம் உண்மையில் என்ன தருகிறது

1,240 கிலோ காரை நான்கு சக்கரத்துக்கும் சமமாகப் பங்கிட்டால் ஒன்றுக்கு 310 கிலோ. சதுர அங்குலத்துக்கு 33 பவுண்டு காற்று இருந்தால், டயர் சாலையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 130 சதுர சென்டிமீட்டர், ஓர் உள்ளங்கை அளவு. டயரின் உடல் விறைப்பும் கொஞ்சம் சுமையைத் தாங்குவதால் இது தோராயக் கணக்குதான். ஆனாலும் அடிப்படை மாறாது. காற்றழுத்தம் அதேயாக இருந்தால், அகல டயர் பெரிய பரப்பைத் தந்துவிடுவதில்லை. பரப்பின் வடிவத்தை மாற்றுகிறது. நீளம் குறைந்து குறுக்கே விரிகிறது.

அந்த வடிவ மாற்றம் வளைவில் பயன் தருகிறது. திரும்பும் டயரின் தொடுபரப்பில் பின்பகுதிதான் முதலில் சறுக்கும். நீளம் குறைந்த பரப்பில் முழு ரப்பரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. வெப்பத்தைப் பகிர்ந்துகொள்ளவும் அதிக ரப்பர் கிடைக்கிறது, பாதையில் பல சுற்று ஓடுபவருக்கு இதுவே மிகப் பெரிய ஆதாயம். மேலும், ரப்பரின் மேல் சுமை ஏற ஏற அதன் உராய்வுக் குணகம் குறையும் இயல்புடையது. வளைவில் வெளிச்சக்கரங்கள் அதிகச் சுமை வாங்கும்போது அகல டயர் அந்த இழப்பைக் குறைக்கிறது. அகலம் கூட்டியவுடன் காற்றையும் சற்றுக் குறைக்க முடிவதால் பரப்பும் கொஞ்சம் விரியும்.

இதற்கெல்லாம் மேலானது ரப்பர் கலவை. இதற்கு டொயோட்டாவே சான்று தருகிறது. 2021இல் வந்த அடுத்த தலைமுறை ஜிஆர்86 காரில் இன்ஜின் 2.4 லிட்டராகப் பெருத்தது. 18 அங்குல வீல் பெற்ற வகைக்கு அவர்கள் கொடுத்த டயர் மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4, அளவு 215/40 ஆர்18. அகலம் அதே 215தான். கலவையும் கட்டமைப்பும் மாறியதாலேயே காரின் பிடிப்பு வெகுவாக உயர்ந்தது. மட்டமான 245 டயரைவிட நல்ல 215 டயர் வேகமானது. கையிலிருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் முதலில் டயரை மாற்றலாம், வீல் காத்திருக்கலாம்.

மழை

1963இல் நாசாவின் லாங்லி மையம் வெளியிட்ட ஆய்வொன்று, தேங்கிய நீரில் டயர் சாலையை விட்டு மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு ஒரு சூத்திரம் தந்தது: காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை மைல் என்று கிடைக்கும். 33 பவுண்டு காற்றுக்கு அது மணிக்குச் சுமார் 96 கி.மீ., 26 பவுண்டுக்கு 85 கி.மீ. விமான டயர்களை வைத்துப் பிறந்த அந்தச் சூத்திரத்தில் அகலம் இடம்பெறவில்லை. தொடுபரப்பின் அகல நீள விகிதமும் முக்கியம் என்பதைப் பின்னாளைய ஆய்வுகள் காட்டின. குறுக்கே விரிந்த பரப்பு அதிக நீரைத் தள்ள வேண்டும், அந்த நீர் பக்கவாட்டில் தப்ப நெடுந்தூரம் போக வேண்டும். அகல டயர் போட்டுக் காற்றையும் குறைத்தவர் மழையில் இரண்டு விதத்திலும் இழக்கிறார். காடி தேய்ந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

முன்னும் பின்னும்

86இல் நான்கு டயரும் ஒரே அகலம். அப்படியே வைத்திருப்பது நல்லது. பின்னால் மட்டும் அகலம் கூட்டினால் முன்பக்கம் முதலில் வழுக்கி, கார் திரும்ப மறுக்கும். எல்லா காருக்கும் இந்த விதி பொருந்தாது. ஹோண்டா எஸ்2000 முன்னே 205, பின்னே 225 டயரோடு பிறந்தது. நான்கையும் ஒரே அகலமாக மாற்றி, சஸ்பென்ஷனைத் தொடாமல் விட்டால் அதன் பின்பக்கம் எளிதில் வெளியே சுழலும். இன்ஜினைப் பின்னே சுமக்கும் போர்ஷே 911இன் 992 தலைமுறைக் கரேராவில் முன்னே 235, பின்னே 295. இரண்டாம் தலைமுறை லோட்டஸ் எலீஸ் முன்னே வெறும் 175 டயரோடு வந்தும், திரும்பும் அழகுக்குப் பெயர் பெற்றது. காரின் எடை குறைவு என்பதே அதற்குக் காரணம்.

விட்டமும் விதிகளும்

215/45 ஆர்17இன் மொத்த விட்டம் 625 மி.மீ. 225/45 ஆர்17க்கு 634, 245/40 ஆர்17க்கு 628. இரண்டும் 1.5 சதவீதத்துக்குள் அடங்கும். 235/45 ஆர்17 என்றால் 643, கிட்டத்தட்ட 3 சதவீதம் கூடுகிறது. ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும், கியர்கள் நீண்டு முடுக்கமும் மந்தமாகும்.

ஜப்பானில் ஃபெண்டருக்கு வெளியே வீல் நீட்டக்கூடாது. 2017 முதல் டயரின் பகுதி மட்டும் 10 மி.மீ.க்குள் பிதுங்கலாம். ஜெர்மனியில் காரின் ஒப்புதலில் இல்லாத வீல், டயர் சேர்க்கைக்கு உரிய சான்று வேண்டும். இல்லையேல் காரின் இயக்க அனுமதியே செல்லாமல் போகலாம்.

86இல் தினமும் ஓட்ட 17×8 வீல், ஆஃப்செட் 45, 225/45 ஆர்17 டயர் போதும். பாதையில் அடிக்கடி ஓட்டுபவருக்கே 17×9இல் 245/40 ஆர்17 தகும். எதை வாங்கினாலும் முதலில் ஒரு முன்சக்கரத்தை மட்டும் மாட்டி, காரைத் தரையில் இறக்கி, ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, ஸ்ட்ரட்டுக்கும் ஃபெண்டருக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். நட்டுகளை 120 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபாருங்கள்.