காப்பீட்டு வழக்குக்கு எவ்வூர்?

பத்மாவதித் தாயார் கோயில் கொண்டிருக்கும் திருச்சானூர், 1911ஆம் ஆண்டில் சித்தூர் ஜில்லா அமைந்தபோது சென்னை மாகாணத்து ஊர். 1953 அக்டோபர் முதல் நாளன்று ஆந்திர ராஜ்யத்து ஊராயிற்று. 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பியபோதும் திருச்சானூர் ஆந்திரத்திலேயே நின்றது. 2022 ஏப்ரலில் பிறந்த திருப்பதி மாவட்டத்துள் இப்போது அடங்கியிருக்கிறது. மக்கள் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லைதான் நடந்தது.

இவ்வூர்த் தமிழர் ஒருவர், உறவினர் வழியாக வேலூரில் ஓர் ஆயுள் காப்பீட்டுப் பாலிசி எடுத்திருந்தார் என்று கொள்வோம். அவர் காலமான பின், நோயை மறைத்தார் என்று காரணங்கூறிக் கம்பெனி பணம் தர மறுக்கிறது. அவருடைய மனைவி எந்த ஊரில் நியாயம் கேட்பது? பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் யாவருக்கும் உரிய வினா இது.

இவ்வினாவின் முதற் பாதிக்கு 1938ஆம் ஆண்டின் இன்ஷூரன்ஸ் சட்டம் விடை தந்தது. பாலிசியில் எதிரான நிபந்தனை எழுதப்பட்டிருப்பினும், இந்நாட்டில் நடந்த வியாபாரத்தைச் சார்ந்த பாலிசியானால் இந்தியாவிலேயே பணம் பெறவும் வழக்கிடவும் உரிமையுண்டு என்று அதன் 46ஆம் பிரிவு கூறிற்று. அந்நியக் கம்பெனிகள் மலிந்திருந்த காலத்தில் இது சிறிய வரமன்று. ஆனால் இந்தியாவில் எவ்வூர் என்னும் மறுபாதி எஞ்சி நின்றது. 1956 செப்டம்பரில் 245 நிறுவனங்களின் ஆயுள் காப்பீட்டு வியாபாரத்தை ஏற்று ஆயுள் காப்பீட்டுக் கழகம் தோன்றிய பின்னும், மறுக்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் சிவில் நீதிமன்றமே கதி. முத்திரைக் கட்டணமும் வக்கீல் செலவும் எத்தனை விதவைகளை வாசலிலேயே திருப்பியனுப்பினவோ!

1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழியை எளிதாக்கிற்று. எனினும் எதிர்த்தரப்பார் தொழில் நடத்தும் இடம், அல்லது வழக்குக்கு மூலகாரணம் தோன்றிய இடம் என்றே அது பேசிற்று. முறையிடுவோர் வாழும் இடத்தை அது கருதவில்லை. கம்பெனிக்குக் கிளை உள்ள ஊரெல்லாம் போதுமென்று பலர் எண்ணினர். அவ்வெண்ணத்தை 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தகர்த்தது. அம்பாலாவில் பாலிசி எடுத்து, அங்கேயே கிடங்கில் தீ விபத்துக்கு உள்ளான சோனிக் சர்ஜிக்கல் என்னும் நிறுவனம், நேஷனல் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் மீது சண்டிகரில் முறையிட்டிருந்தது. அங்கே கிளை இருப்பது மட்டும் போதாது என்றது நீதிமன்றம். போதுமென்று ஒப்பினால் அம்பாலா வழக்கைத் தமிழ்நாட்டிலோ கௌஹாத்தியிலோ கூடத் தொடுக்கலாமே என்றும் எடுத்துக்காட்டிற்று. சட்டத்தின் சொற்களுக்கு அப்பொருள் பொருந்தலாம். ஊர்விட்டு ஊர் வந்து உழைப்பவரின் நிலைமைக்குப் பொருந்திற்றா என்பது வேறு கேள்வி.

விடை இரு கதவுகளாக வந்தது. 1998இல் ஏற்பட்ட காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் முறையில், தொடக்கத்தில் கம்பெனி அலுவலகம் இருக்கும் எல்லையையே பார்த்தனர். 2017ஆம் ஆண்டு விதிகளோ முறையிடுவோர் குடியிருக்கும் இடத்தையும் ஏற்றன. ஆகவே வேலூர்ப் பாலிசிக்காயினும், திருச்சானூர்ப் பெண்மணி ஆந்திரத்துக்குரிய ஐதராபாத் அலுவலகத்துக்கே எழுதலாம். முதலில் கம்பெனிக்கு எழுத்து மூலம் முறையிட்டு ஒரு மாதம் பொறுக்க வேண்டும். மறுப்பு வந்த ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டியதில்லை. தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். நிறைவு தராவிடில் முறையிட்டவர் வேறு மன்றம் நாடலாம். ஆனால் அதே விஷயம் முன்பே நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ இருந்தால் குறைதீர்ப்பாளர் ஏற்கமாட்டார். எந்தக் கதவை முதலில் தட்டுவது என்பதில் கவனம் தேவை.

மற்றொரு கதவு, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டம். முறையிடுவோர் வாழும் இடம், அல்லது தாமே தொழில் செய்து பிழைக்கும் இடம் ஆகியவற்றின் மாவட்ட ஆணையத்திலும் வழக்கிடலாம் என்று அதன் 34ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. இதற்குத் தவணை இரண்டாண்டு. சிவில் வழக்குக்கோ, மறுப்பு நாளிலிருந்து மூன்றாண்டு. எனவே மறுப்புக் கடிதத்தையும், அது வந்த உறையையும், குடியிருப்புச் சான்றையும் ஒன்றாக வைத்திருப்பது நலம்.