புலித்தோலின் மறுபக்கம்

பழைய அரண்மனைகளிலும் அருங்காட்சியகங்களிலும் புலித்தோல் விரிப்பைப் பார்த்திருப்பீர்கள். பிளந்த வாய், கண்ணாடிக் கண்கள், நான்கு பக்கமும் விரித்து வைத்த கால்கள். சுட்டவரின் பெயரைப் பெருமையாக எழுதி வைத்திருப்பார்கள். நாம் பேச வேண்டியது அந்த விரிப்பைத் திருப்பிப் போட்டால் தெரிகிற பக்கத்தைப் பற்றி.

இந்தியாவில் இந்த வேலைக்குப் பேர் போன இடம் மைசூர். யூஜின் வான் இன்ஜென் 1900 வாக்கில் அங்கே தொடங்கிய 'வான் இன்ஜென் அண்ட் வான் இன்ஜென்' நிறுவனத்தைப் பின்னர் அவருடைய மகன்கள் நடத்தினார்கள். மன்னர்களும் ஆங்கிலேய அதிகாரிகளும் சுட்ட புலி, சிறுத்தைத் தோல்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வந்து குவிந்தன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேலை சுருங்கியது. 1999இல் நிறுவனம் மூடப்பட்டது.

ஒரு விரிப்பு உருவாவதற்கு எத்தனை கைகள் வேண்டும் என்று பார்ப்போம். முதல் வேலை காட்டிலேயே தொடங்கிவிடும. புலி செத்த சில மணி நேரத்தில் உரித்தாக வேண்டும். வெயிலில் கிடந்தால் முடி கொத்துக் கொத்தாக உதிரும். துப்பாக்கி பிடித்த துரை கத்தியைத் தொடுவதில்லை. வட இந்திய வேட்டை முகாம்களில் உரிப்பதற்கென்றே சமார்களை அழைத்து வருவார்கள். உரித்த தோலில் உப்பைத் தேய்த்து, நிழலில் உலர்த்தி அனுப்புவார்கள்.

பட்டறையில் தோலை ஊறவைத்து, உட்புறச் சதையையும் கொழுப்பையும் வழித்தெடுப்பார்கள். மாட்டுத்தோல் என்றால் சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு முடியை நீக்கி, ஆவாரம்பட்டையில் பதனிடலாம். விரிப்புக்கோ முடிதான் உயிர். அதனால் சுண்ணாம்பு ஆகாது. படிகாரமும் உப்பும் கொண்டு பதனிட வேண்டும். அந்தக் காலத்தில் உலகெங்கும் இந்தத் தொழிலில், பூச்சி அரிக்காமலிருக்க ஆர்சனிக் கலந்த சோப்பைத் தோலின் உட்புறம் தடவினார்கள். அந்த நஞ்சுக்காகவே இன்று அருங்காட்சியகங்களில் பழைய பதப்பொருள்களைக் கையுறை போட்டுத் தொடுகிறார்கள். அன்று அதைத் தடவுவது ஒரு தொழிலாளியின் அன்றாட வேலை.

பிறகு, ஈரம் இருக்கும்போதே தோலைப் பலகையில் இழுத்து ஆணியடிப்பார்கள். முதுகுக்கோடு நேராக வர வேண்டும். இருபுறக் கால்களும் சமமாக அமைய வேண்டும். குண்டு துளைத்த இடத்தை உட்புறத்திலிருந்து தைக்க வேண்டும். வட்டத் துளையை அப்படியே இழுத்துத் தைத்தால் சுருக்கம் விழும். எனவே அதை இரு முனையும் கூராக இருக்கும்படி வெட்டிவிட்டு, நெருக்கமாகத் தைப்பார்கள். முடியைச் சீவிவிட்டால் குண்டு பட்ட இடமே தெரியாது.

கடைசியாகப் பின்புறம். தோலின் ஓரத்தைச் சுற்றி, சில அங்குலம் வெளியே தெரியும்படி கம்பளி ஃபெல்ட் பட்டை வைப்பார்கள். அதன் விளிம்பைப் பிறை பிறையாக வெட்டுவார்கள். கால் இடுக்கு வளைவுகளில் பட்டையைக் கொசுவி மடித்துத் தைக்க வேண்டும். ஊசி தோலின் ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும். ஒரு முடிகூடத் தையலில் சிக்கக் கூடாது. உள்ளே பஞ்சு பரப்பி, அதன்மேல் முரட்டு லைனிங் துணி போட்டு மூடுவார்கள். வழித்த கத்தியின் தடம், நஞ்சு, துளையை அடைத்த தையல் எல்லாம் துணிக்கு அடியில் போய்விடும். துணியின் மேல் நிறுவனத்தின் முத்திரை ஏறும். உரித்தவர், வழித்தவர், தைத்தவர் பெயர் அதில் கிடையாது.

இந்த மறைப்பு புலித்தோலோடு நிற்கவில்லை என்பதுதான் நமக்கு முக்கியம். சாதிச் சமூகம் தோலை வெறுத்ததில்லை. சிவன் உடுத்துவது புலித்தோல். முனிவர் அமர்வது மான்தோல். பூணூல் சடங்கில்கூட மான்தோலுக்கு இடமுண்டு. கோயில் மேளத்துக்கும் தோல் வேண்டும். தோல் புனிதம், தோலை உரித்தவர் மட்டும் தீட்டு. தோலுக்கும் அதைத் தொட்ட கைக்கும் நடுவே சாதியும் ஒரு லைனிங் துணியைத் தைத்து வைத்திருக்கிறது.

அது எவ்வளவு கொடூரமானது என்பதை நம் காலமே காட்டியது. 2002 அக்டோபரில் ஹரியானாவின் ஜஜ்ஜர் மாவட்டம் துலினாவில், பசுவைக் கொன்றதாகப் பழி சுமத்தி ஐந்து தலித்துகளைக் கும்பல் அடித்துக் கொன்றது. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனா அருகே, செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டி வைத்து அடித்தார்கள். உயிருள்ள புலியைச் சுட்டவருக்கு அரண்மனைச் சுவரில் இடம். செத்த மாட்டை ஊருக்காக அப்புறப்படுத்தியவருக்கு நடுத்தெருவில் சவுக்கடி.

1927இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர், செத்த மாட்டின் இறைச்சியைக் கைவிடச் சொன்னார். உழைப்பு இழிவானது என்பதல்ல அதன் பொருள். பிறப்பைக் காட்டித் திணித்த வேலையையும், அதோடு ஒட்டிவந்த இழிவையும் உதறச் சொன்னார். ஊனா நிகழ்வுக்குப் பிறகு குஜராத் தலித்துகள் செத்த மாடுகளை அரசு அலுவலக வாசல்களில் கொண்டுபோய்ப் போட்டதும் அந்த வழியில் வைத்த அடிதான்.

நாம் இரண்டு கேட்கிறோம். அருங்காட்சியகத்தின் பெயர்ப்பலகையில் சுட்டவரோடு உரித்தவர், பதனிட்டவர், தைத்தவர் உழைப்பும் எழுதப்பட வேண்டும். செத்த கால்நடைகளை அகற்றுவது சாதிக்கடனாக இல்லாமல், கருவியும் கூலியும் பாதுகாப்பும் கொண்ட உள்ளாட்சிப் பணியாக வேண்டும். எந்தச் சாதியில் பிறந்தவரும் அதற்கு விண்ணப்பிக்கும் நிலை வர வேண்டும்.