மாஜா என்றால் நடு

திருவானைக்காவில் இருப்பது அப்பு லிங்கம். அப்பு என்றால் நீர். இந்த வடசொல்லின் உடன்பிறப்பு பாரசீகத்தில் 'ஆப்'. கல்யாணப் பந்தியில் குலாப் ஜாமூன் சாப்பிடும்போது அதையும் சேர்த்தே விழுங்குகிறோம்: குல் என்றால் மலர், ஆப் என்றால் நீர்; குலாப் முதலில் பன்னீரைத்தான் குறித்தது. அந்த ஆப்புக்கு முன்னால் ஐந்தைக் குறிக்கும் 'பஞ்ச்' வந்து நின்றால் பஞ்சாப். மகாபாரதத்தில் வரும் பஞ்சநதமும் அதே பொருள்தான். ஜீலம், சீனாப், ராவி, பியாஸ், சட்லெஜ் என்று ஒரு கை விரல்களில் எண்ணி முடித்துவிடலாம்.

இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலம் 'தோஆப்'. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் 'இடைதுறை நாடு' ரெய்ச்சூர் தோஆப்தான் என்பார் உண்டு. என் காதுக்கு இடைதுறைதான் இனிக்கிறது. பஞ்சாபின் தோஆப்களுக்கு முகலாயர் காலத்தில் வழங்கிய பெயர்கள் வேடிக்கையானவை. பியாஸின் தலையையும் ராவியின் தலையையும் ஒட்டினால் 'பாரி'. ராவியும் சீனாபும் சேர்ந்தால் 'ரெச்னா'. சீனாபும் ஜீலமும் சேர்ந்தால் 'சஜ்'. 1933இல் கேம்பிரிட்ஜில் இருந்த சௌத்ரி ரஹ்மத் அலி, மாகாணங்களின் எழுத்துகளைக் கோத்து ஒரு நாட்டுக்குப் பெயர் கட்டினாரே, அதற்கு இந்த மண்ணிலேயே முன்மாதிரி இருந்தது. அவர் கட்டிய பெயரிலும் முதலெழுத்து பஞ்சாபுக்குத்தான்.

பாரி தோஆபை ஊர்க்காரர்கள் அப்படிச் சொல்வது குறைவு. அவர்கள் வாயில் அது 'மாஜா'. மத்தி என்பதன் பஞ்சாபி உறவு. நடுநாடு என்று பொருள். லாகூர், அமிர்தசரஸ் இரண்டும் இந்த நடுநாட்டு நகரங்கள். இடையே 50 கிலோமீட்டர்தான்.

1947 ஜூலை 8ஆம் தேதி, இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவே எல்லைக்கோடு போட சிரில் ராட்கிளிஃப் டெல்லி வந்து இறங்கினார். அதற்குமுன் இந்தியாவைப் பார்த்திராதவர். அவர் போட்ட கோடு வெளியானது ஆகஸ்ட் 17இல், சுதந்திரம் வந்து இரண்டு நாள் கழித்து. அது மாஜாவின் குறுக்கே ஓடியது. ராவியின் மாதோபூர் தலைமதகு இந்தியப் பக்கம். அங்கிருந்து லாகூர்ப் பக்கத்து வயல்களுக்குப் போகும் வாய்க்கால் அந்தப் பக்கம். 1948 ஏப்ரல் 1ஆம் தேதி கிழக்குப் பஞ்சாப் அந்தத் தண்ணீரை நிறுத்தியது. பங்காளிச் சண்டையில் முதலில் அடைபடுவது வாய்க்கால்தான் என்று நம்மூர் விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வழக்கு சிந்து நதி ஒப்பந்தமாக முடிய 1960 ஆனது.

பெயர் மட்டும் இரண்டு பக்கமும் பஞ்சாப்தான். ஆனால் கணக்கு உதைக்கிறது. கிழக்கில் ஜீலமும் சீனாபும் இல்லை. மேற்கில் பியாஸ் இல்லை. நடுநாடு என்ற பெயரும் பொய்த்தது. இரண்டு நாடுகளுக்கும் அது இன்று ஓரம்.

குரு நானக் தம் கடைசிக் காலத்தைக் கழித்த கர்தார்பூர், ராவிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. எல்லையிலிருந்து நாலைந்து கிலோமீட்டர். இந்தியப் பக்கம் தேரா பாபா நானக் ஊரில் பக்தர்கள் எல்லையோர மேட்டில் வரிசையில் நின்று, தொலைநோக்கியில் கண்ணை வைத்து, தூரத்து வெள்ளைக் குவிமாடத்தைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். வழி திறந்தது 2019 நவம்பர் 9ஆம் தேதி.

பிரிவினையின்போது அந்த எல்லைக்கோட்டைத் தாண்டியவர்கள் ஒரு கோடிக்கும் மேல். லாகூர்க்காரர் பலர் அமிர்தசரஸிலும், அமிர்தசரஸ்காரர் பலர் லாகூரிலும் குடியேறினார்கள். பேச்சுக்கு யாரும் பாடம் படிக்க வேண்டியிருக்கவில்லை. அங்கே ஷாமுகி எழுத்திலும் இங்கே குருமுகி எழுத்திலும் எழுதுவதால் ஒருவர் கடிதம் மற்றவருக்குப் படிக்க வராது. வாய்விட்டுப் படித்தால் இருவருக்கும் புரியும். இரண்டு பஞ்சாபுகளிலும் இன்றுவரை தரமான பஞ்சாபி என்று கொள்ளப்படுவது மாஜி, அந்த நடுநாட்டுப் பேச்சு.