தபால் தலை வாணிகமும் நம்பிக்கையும்: ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் விலை கொடுத்து வாங்கும் பொருள்களுள் தபால் தலையைப் போல் விந்தையானது பிறிதொன்று இல்லை எனலாம். பொன்னை வாங்கினால் உரைத்துப் பார்க்கலாம். பட்டை வாங்கினால் கசக்கிப் பார்க்கலாம். அரிசியை வாங்கினால் வாயிலிட்டு மென்று பார்க்கலாம். ஓர் அங்குலக் காகிதத் துண்டுக்கு, அதிலும் முத்திரை குத்தப்பட்டுத் தன் வேலையை முடித்துவிட்ட துண்டுக்கு, ஆயிரக்கணக்கில் பணம் கொடுப்பவன் எதை நம்பிக் கொடுக்கிறான்? பெரும்பாலும் விற்பவனுடைய சொல்லை நம்பித்தான். ஆகவே, தபால் தலை வாணிகத்தின் வரலாறு நம்பிக்கையின் வரலாறேயாகும். அந்நம்பிக்கையைக் குலைத்தவர்களும் உண்டு. குலைந்ததை மீண்டும் கட்டியவர்களும் உண்டு.

இம்மலரில் இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் உத்தியோகத்தின் பொருட்டுத் தெற்கேயிருந்து இங்குக் குடியேறிய பெரியவர்கள் அரும்பாடுபட்டுச் சேர்த்த ஆல்பங்கள் நம் காலனி வீடுகள் பலவற்றில் பரண்மேல் உறங்குகின்றன. குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் காலத்தில் அவை கைமாறுகின்றன. இன்று பிள்ளைகள் கைப்பேசியில் படம் எடுத்துப் போட்டு, முகமறியாத ஒருவருக்கு விற்கிறார்கள். முகமறியாத ஒருவரிடம் வாங்கவும் செய்கிறார்கள். நம் சங்கத்து அன்பர் ஒருவரின் இல்லத்தில் மூன்று ஆல்பங்களும் ஒரு கட்டுப் பழங்கடிதங்களும் அவ்வாறே மூவாயிரம் ரூபாய்க்குப் போய்விட்டன. வாங்கியவர் யார், எவ்வூரார் என்பதுகூட இன்று தெரியவில்லை. இத்தகைய இழப்பு இனியும் நேராதிருக்க, பழைய வரலாறு நமக்குப் பெரிதும் துணை செய்யும்.

தோற்றம்

ரோலண்டு ஹில் என்பாரின் முயற்சியால் உலகின் முதல் தபால் தலை இங்கிலாந்தில் 1840 மே 6 முதல் செல்லுபடியாயிற்று. ஆசியாவில் முதலில் தலை வெளியிட்ட பெருமை சிந்து மாகாணத்தைச் சேரும். அங்குக் கமிஷனராக இருந்த பார்ட்டில் பிரேர் 1852 ஜூலை முதல் நாள் அரையணாத் தலையை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். சிவப்பு அரக்கில் வார்த்த வில்லையாகவும், வெள்ளைக் காகிதத்தில் புடைத்தெழுந்த அச்சாகவும், நீல நிறத்திலும் அது மூவகையாக வந்தது. அரக்கு வில்லைகள் வழியிலேயே நொறுங்கிப்போயின. எஞ்சியவை மிகச் சிலவே ஆதலின், அவற்றைப் போலி செய்தவர்கள் பலராயினர்.

இந்தியா முழுமைக்குமான தலைகள் 1854 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. அவை அச்சானது, நம் காலனியிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள கல்கத்தாவில். அங்கிருந்த நில அளவை அலுவலகத்தில் காப்டன் துயில்லியர் என்பார் கல்லச்சு முறையில் அவற்றைத் தயாரித்தார். கால் தோலா எடையுள்ள கடிதம் நாட்டின் எம்மூலைக்கும் அரையணாவில் சென்றது. நாலணாத் தலைக்கு மட்டும் இரண்டு நிறங்கள்: சிவப்புச் சட்டம் ஒருமுறையும் அரசியாரின் நீலத் தலை மறுமுறையுமாக இருமுறை அச்சேற்றினர். அப்படிச் செய்கையில் சில தாள்கள் தலைகீழாகச் சென்றுவிட, அரசியார் தலைகீழாக நிற்கும் தலைகள் உண்டாயின. அச்சகத்தின் அப்பிழையே இன்று பெருவிலை பெறுகிறது.

தலைகள் பெருகவே, சேகரிப்போரும் பெருகினர். ஸ்டான்லி கிப்பன்ஸ் என்பவர் 1856-ல் பிளிமத் நகரில் தபால் தலை வியாபாரம் தொடங்கி, 1865-ல் விலைப்பட்டியலும் வெளியிட்டார். வாணிகம் பிறந்த வேகத்திலேயே வஞ்சகமும் பிறந்தது. போலித் தலைகளைப் பற்றி பிரஸ்ஸல்ஸ் நகரத்து மோவன்ஸ் 1862-ல் ஒரு நூலும், இங்கிலாந்தில் லூயிஸ், பெம்பர்ட்டன் என்னும் இருவர் 1863-ல் ஒரு நூலும் வெளியிட்டனர். முதல் தலை தோன்றிக் கால் நூற்றாண்டு நிறைவதற்குள் கள்ளத் தலைகளைக் கண்டறிய நூல்கள் தேவைப்பட்டன என்றால், இவ்வாணிகத்தின் இயல்பு நன்கு விளங்கும்.

தபால் வழி வாணிகம்

இன்றைய இணைய வாணிகம் புதுமையானது என்று பலர் எண்ணுகின்றனர். முகமறியாதவரிடம் தலை வாங்குவது நூற்றைம்பது ஆண்டுப் பழக்கமாகும். வியாபாரிகள் சிறு ஏடுகளில் தலைகளை ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் விலை எழுதி, வேண்டுவோர்க்குத் தபாலில் பார்வைக்கு அனுப்புவர். பெறுபவர் பிடித்தவற்றை எடுத்துக்கொண்டு, மீதியையும் பணத்தையும் திருப்பி அனுப்ப வேண்டும். இதில் வியாபாரிதான் முதலில் நம்பினார். ஏமாந்த வியாபாரிகளும் பலர்.

நம் நாட்டில் இச்சிக்கலுக்குத் தபால் இலாகா ஒரு நல்வழி கண்டது. 1877-ல் வந்த வி.பி.பி. முறையே அது. விற்பவர் பொருளைத் தபாலாபீஸில் ஒப்படைக்கிறார். தபால்காரர் கொண்டுவரும்போது வாங்குபவர் பணம் தருகிறார். இலாகா அப்பணத்தை விற்பவருக்குச் சேர்ப்பிக்கிறது. இருவர்க்கும் இடையே மூன்றாவது நம்பிக்கைக் கை ஒன்று வந்து நின்றது. ரயில்வேக்காரர்களாகிய நமக்கு இது புதிதன்று. ரயில்வே ரசீதைக் காட்டினாலன்றிக் குட்ஸ் ஷெட்டில் சரக்கை ஒப்படைப்பதில்லை அன்றோ? எனினும், வி.பி.பி.யில் பணம் கட்டிய பின்னரே பொட்டலத்தைப் பிரிக்க முடியும். உள்ளிருப்பது உண்மைத் தலையா என்று இலாகா பார்ப்பதில்லை. அக்குறையை நீக்கியவை சேகரிப்போர் சங்கங்கள். லண்டன் தபால் தலைச் சங்கம் 1869-ல் தோன்றியது. அது 1894-ல் நிபுணர் குழு ஒன்றை அமைத்து, உண்மைத் தலைக்குச் சான்றிதழ் அளிக்கத் தொடங்கிற்று. கல்கத்தாவில் இந்தியத் தபால் தலைச் சங்கம் 1897-ல் நிறுவப்பெற்றது.

கள்ளத் தலை செய்த கைகள்

ஜினீவா நகரத்துப் பிரான்ஸுவா பூர்னியே தம் சரக்கை ஒளிக்கவில்லை. ‘இவை உண்மைத் தலைகளின் நகல்கள்’ என்று வெளிப்படையாகவே சொல்லி மலிவாக விற்றார். அவரிடம் வாங்கியவர்கள் அந்நகல்களை உண்மைத் தலைகள் என்று கூறிப் பிறருக்கு விற்றதே கேடாயிற்று. அவர் 1917-ல் காலமான பின், ஜினீவா சேகரிப்போர் சங்கத்தார் எஞ்சிய சரக்கை வாங்கினர். மாதிரிக்காகச் சில நூறு ஆல்பங்கள் மட்டும் 1928-ல் செய்துகொண்டு, மற்றவற்றை அழித்துவிட்டனர்.

ழான் தெ ஸ்பெராட்டியின் முறை இதனினும் நுட்பமானது. அக்காலத்து மலிவான உண்மைத் தலை ஒன்றை எடுத்து, மேலிருக்கும் அச்சை மட்டும் மருந்தால் வெளுத்துவிட்டு, அதே காகிதத்தில் அரிய தலையின் உருவத்தை அச்சிடுவார். காகிதம் உண்மை, ஓரத்துப் பற்கள் உண்மை, பல சமயம் மேலே விழுந்த முத்திரையும் உண்மை, படம் மட்டும் பொய்! 1942-ல் அவர் போர்ச்சுகலுக்கு அனுப்பிய தலைகளைப் பிரெஞ்சுச் சுங்கத்தார் பிடித்தனர். விலையுயர்ந்த பொருளைக் கணக்கில் காட்டாது அனுப்பினார் என்பது குற்றச்சாட்டு. “இவை யாம் செய்த நகல்கள், விலையற்றவை” என்று அவர் வாதாட, நிபுணர்களோ அவை உண்மைத் தலைகளே என்று சான்று கூறினர்! இறுதியில் 1954-ல் பிரிட்டிஷ் தபால் தலைக் கழகத்தார் அவருடைய சரக்கையும் கருவிகளையும் விலைக்கு வாங்கி, அத்தொழிலுக்கு முற்றுப்புள்ளி வைத்தனர். நிபுணர் கண்ணையே மயக்கிய கைவண்ணத்தைக் கைப்பேசிப் படத்தில் கண்டறிவோம் என்று நாம் துணிதல் தகுமா?

களவின் கதையும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1918-ல் வெளியான விமானத் தபால் தலையில், ஒரே ஒரு தாளிலிருந்த நூறு தலைகளில் விமானம் தலைகீழாக அச்சாகி மக்கள் கைக்கு வந்தது. அவற்றுள் நான்கு கொண்ட கட்டு ஒன்று 1955-ல் ஒரு கண்காட்சியிலிருந்து களவு போயிற்று. நூறு தலைகளுக்கும் தாளில் எவ்விடத்தைச் சேர்ந்தவை என்ற பதிவு இருந்தமையால், அவற்றுள் ஒன்று 2016-ல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது அடையாளம் கண்டுகொள்ளப்பட்டது. அறுபத்தோராண்டு கழித்தும் பொருளைக் காட்டிக்கொடுத்தது அப்பதிவே என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

நம் நாட்டுத் தலைகள்

சுதந்திர இந்தியாவின் தலைகளுள் பெரும்புகழ் வாய்ந்தவை 1948 ஆகஸ்டு 15 அன்று வெளியான காந்தியடிகள் தலைகள் நான்கு. ஸ்விட்ஸர்லாந்தில் அச்சான அவற்றின் மிக உயர்ந்த மதிப்பு பத்து ரூபாய். கவர்னர் ஜெனரல் அலுவலகத்தின் உபயோகத்திற்கென நூறு செட்டுகளில் மட்டும் ‘சர்வீஸ்’ என்னும் சொல் மேலச்சாகப் பதிக்கப்பட்டது. அவ்வாறு பதித்த பத்து ரூபாய்த் தலைகள் நான்கு சேர்ந்த ஒரு பட்டை 2017-ல் ஐந்து லட்சம் பவுனுக்கு விலைபோயிற்று. அச்சொல்லின் ஏழு ஆங்கில எழுத்துகளே இத்தனை விலையை உண்டாக்குகின்றன! தலை உண்மையானதாகவே இருக்க, அவ்வெழுத்துகளை மட்டும் பொய்யாக ஏற்றினாற் போதுமாதலின், போலி செய்வோர்க்கு இது நல்ல வேட்டையாயிற்று. காஷ்மீரம் முதலிய சுதேச சமஸ்தானங்களின் பழந்தலைகளிலும் போலிகளும், பின்னாளில் மறுபடி அச்சிட்டவைகளும் மிகுதியாக உலவுகின்றன.

நம்மவர் இல்லங்களில் கிடைப்பவற்றுள் திருவிதாங்கூர் அஞ்சல் தலைகள் குறிப்பிடத்தக்கவை. 1888-ல் சங்குச் சின்னத்தோடு தலைகள் வெளியிடத் தொடங்கிய அவ்வஞ்சல் 1951-ல் இந்தியத் தபாலோடு இணைந்தது. நாஞ்சில் நாட்டுக் குடும்பங்களின் பழங்கடிதங்களில் அச்சங்குகளைக் காணலாம். அவற்றை நீரில் நனைத்து உரித்தெடுத்தல் ஆகாது. சாதாரணச் சங்குத் தலை மலிவானதே. ஆனால் ஊர்ப்பெயரும் நாளும் தெரியும் முத்திரையோடு உறைமேல் நிற்கும்போது அது ஒரு சரித்திர சாசனமாகிறது, விலையும் பன்மடங்காகிறது. 1863-ல் அலகாபாத்துக்கும் கான்பூருக்கும் இடையே தொடங்கிய ஓடும் ரயில் தபால் பிரிப்பின் வழிவந்த ஆர்.எம்.எஸ். முத்திரைகளும் இத்தகையனவே. அன்பர் இல்லத்திலிருந்து சென்ற கட்டில் இவ்விருவகை உறைகளும் இருந்தன என்பதை எண்ணும்போது நெஞ்சம் வருந்துகிறது.

இணையச் சந்தையும் பழைய படிப்பினையும்

அமெரிக்காவில் 1995-ல் தோன்றிய ஈபே நிறுவனம் ஏலக் கூடத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது. அது 2004-ல் நம் நாட்டு பாஸீ நிறுவனத்தை வாங்கி இங்கும் கடை விரித்தது. 2018-ல் அவ்விந்தியக் கடை மூடப்பட்டது. இன்று வேறு இணையச் சந்தைகளும், வாட்ஸப் குழு ஏலங்களும், முகநூல் குழுக்களும் அவ்விடத்தில் உள்ளன. கருவி மாறியதேயன்றி வாணிகத்தின் தன்மை மாறவில்லை. ஆகவே பழைய படிப்பினைகளே இன்றும் காவல்.

வி.பி.பி. கற்பித்தது, நடுவே ஒரு மூன்றாம் கை வேண்டும் என்பது. பொருள் வந்து சேரும்வரை பணத்தைத் தன்னிடம் நிறுத்திவைக்கும் சந்தையில் வாங்குவது நன்று. ‘தனியே பணம் அனுப்புங்கள், விலை குறைத்துத் தருகிறேன்’ என்பவர் அக்கையை விலக்கப் பார்க்கிறார் என்று உணர்க. விற்பவர்க்கும் எச்சரிக்கை உண்டு: யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. ‘பணம் அனுப்புகிறேன், இந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்து எண்ணைப் போடுங்கள்’ என்பவர் நம் பணத்தை எடுக்க வந்தவரே. ஏமாற்றம் நேர்ந்தால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவித்தல் வேண்டும்.

பூர்னியே கற்பித்தது, சொற்களை ஊன்றிப் படிக்க வேண்டும் என்பது. ‘நகல்’, ‘பார்த்தபடி விற்பனை’, ‘உண்மைக்கு உறுதி இல்லை’ என்று ஒரு மூலையில் எழுதியிருப்பின், பின்னர் வழக்காட இடமில்லை. போலியாயின் திருப்பிக்கொள்வதாக எழுத்தில் பெறுக. ஸ்பெராட்டி கற்பித்தது, பெருவிலைத் தலையைச் சான்றிதழின்றி வாங்கலாகாது என்பது. அச்சான்றிதழையும் போலி செய்வோர் உளர். அதன் எண்ணை வழங்கிய சங்கத்திடமே கேட்டுச் சரிபார்க்க வேண்டும். தலையின் முன்புறத்தோடு பின்புறப் படத்தையும் கேட்டுப் பெறுக. கிழிசலும் ஒட்டுப்போட்டதும் அங்கேதான் வெளிப்படும்.

களவுபோன தலை கற்பித்தது, பதிவின் அருமை. ஆல்பத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் இருபுறமும் படமெடுத்து வைத்தல் வேண்டும். அனுப்பும்போது தலையை உறையிலிட்டு, இரு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்து, ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பாதுகாக்க வேண்டும். விலையைப் பொறுத்தவரை, விலைப்பட்டியலில் காணும் தொகை ஒன்று, ஏலத்தில் உண்மையாகக் கிடைத்த தொகை வேறு. பின்னதையே அளவாகக் கொள்க. ‘பழையது’ என்பதனால் மட்டும் விலை கூடுவதில்லை. கோடிக்கணக்கில் அச்சான தலைகள் எழுபது ஆண்டு ஆனாலும் மலிவே. பேராசை பெருநஷ்டம் என்பது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் பொது.

இவற்றினும் மேலான காவல் ஒன்றுண்டு. அது கூடிச் செயல்படுதல். லண்டனிலும் கல்கத்தாவிலும் சேகரிப்போர் சங்கம் கூட்டியதே தனி மனிதனின் அறியாமையைப் பலரின் அறிவால் நிரப்புவதற்காகத்தான். நமக்கும் ஒரு சங்கம் இருக்கிறது. வீட்டு ஆல்பத்தை விற்கக் கருதுவோர், விற்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அதைச் சங்க அறைக்குக் கொண்டுவருக. விவரமறிந்த பெரியவர்கள் பார்த்துச் சொல்லட்டும். கைப்பேசி அறிந்த இளைஞர்கள் படமெடுத்துப் பட்டியலிடட்டும். அதன் பின்னர் விற்பதா, வைத்துக்கொள்வதா என்பதை அவ்வீட்டார் முடிவு செய்யட்டும். முன்னோர் ஒட்டிவைத்த அச்சிறு தாள்கள் நல்ல விலைக்கோ நல்ல கைக்கோ சேருமாயின், அவர்கள் உழைப்பு வீண்போகாது. சங்கம் வளர்க! அதன் அன்பர்கள் எல்லா நலமும் பெற்று வாழ்க!